சமவெளி வேடர்களின் தோல் அம்பறாத்தூணி

தோல்வேலை செய்யும் ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர்களுக்காக இப்பாடம் எழுதப்படுகிறது. செருப்பும் வாரும் கைப்பையும் செய்து பழகிய கைகளுக்கு அம்பறாத்தூணி கடினமான சாமான் அன்று. ஆயினும், வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் வாழ்ந்த பூர்வகுடிகள் செய்துவந்த தூணியை இங்கே தனியாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதில் ஆணி இல்லை, பசை இல்லை, வளையம், கொக்கி முதலிய உலோகச் சாமான் ஒன்றும் இல்லை. ஒரு தோல், சிறிது நரம்பு, ஒரு குச்சி, ஒரு கத்தி, ஒரு குத்தூசி ஆகிய இவ்வளவே அதற்கு வேண்டிய முதல். மற்ற யாவும் தோலைப் பதப்படுத்தியவரின் உழைப்பும், அளவெடுத்தவரின் ஜாக்கிரதையுமே. ஆகவே தோலின் குணத்தை அறிந்துகொள்ள விரும்புவோருக்கு இதைவிட நல்ல பயிற்சிச் சாமான் கிடைப்பது அரிது.

மிசிசிப்பி நதிக்கு மேற்கே, ராக்கி மலைத்தொடர் வரையில், மரம் குறைந்து புல் நிறைந்து பரந்து கிடக்கும் பிரதேசமே பெருஞ்சமவெளி எனப்படுவது. லகோட்டா, செயென், க்ரோ, பிளாக்ஃபீட், கையோவா, கொமாஞ்சி முதலிய பல இனத்தார் அங்கே வாழ்ந்தனர். அவர்களுடைய சந்ததியார் இன்றும் வாழ்கின்றனர். பைசன் என்னும் காட்டெருமையே அவர்களுக்கு உணவும் உடையும் கூடாரமும் கொடுத்தது. இது நம் மலைகளில் திரியும் காட்டெருமையினின்றும் வேறான விலங்கு. தலையும் தோளும் சடைமயிர் மூடியிருக்கும். அமெரிக்கக் கண்டத்தில் அக்காலத்தில் குதிரை இல்லை. ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகள், 1680-ஆம் வருஷத்தில் நியூ மெக்சிகோவில் பியூப்லோ மக்கள் ஸ்பானியருக்கு விரோதமாக எழுந்து அவர்களைத் துரத்திய பிறகு, வடக்கே வேகமாகப் பரவின. அடுத்த நூறு வருஷத்துக்குள் சமவெளி வேடர் பெரும்பாலும் குதிரை வீரராகிவிட்டனர்.

தூணியின் அமைப்பு முழுவதும் இந்தக் குதிரைச் சவாரியினின்றும் பிறந்தது. ஓடும் குதிரையின் மேலிருந்துகொண்டு ஆளுயர வில்லை வளைக்க முடியாது. எனவே வில் மூன்று அல்லது நான்கு அடி நீளத்திற்குக் குறுகியது. அதன் முதுகில் தசைநரம்பை ஒட்டி வலுப்படுத்தினர். அம்பும் ஏறக்குறைய இரண்டடி நீளமே. வில்லும் அம்பும் குறுகினவாதலால் இரண்டையும் ஒரே கட்டாகத் தோளில் மாட்டிக்கொள்ள வழி ஏற்பட்டது. சமவெளித் தூணி என்பது உண்மையில் ஒரு பை அன்று, இரண்டு பைகள். வில்லைச் செருகும் நீண்டு ஒடுங்கிய வில்லுறை ஒன்று. அம்புகளைச் செருகும் குட்டையான, சற்று அகன்ற தூணி ஒன்று. இரண்டும் பக்கம் பக்கமாகக் கட்டப்பட்டு, ஒரே வாரில் முதுகின் குறுக்கே தொங்கும். வேட்டை வேளையில் அதைப் பக்கவாட்டாக முன்னுக்கு இழுத்துக்கொள்வர். மருந்தும் குண்டும் இட்டு இடித்துச் சுடும் பழைய துப்பாக்கியை ஓடும் குதிரைமேல் மறுபடி நிரப்புவதற்குள் வில்லாளி பல அம்புகளை எய்துவிடுவான். அதனால்தான் துப்பாக்கி கைக்கு வந்த பின்பும் நெடுங்காலம் வேட்டைக்கு வில்லையே விரும்பினர். 1830-களில் அந்நாட்டில் சஞ்சரித்துப் படங்கள் எழுதிய ஜார்ஜ் காட்லின் என்னும் ஓவியரின் சித்திரங்களில் இத்தூணி பல இடங்களில் காணப்படுகிறது. வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் நிலையத்தில் பழைய தூணிகள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன.

தோலைத் தெரிதல்

நீர்நாய், பூமா என்னும் மலைச்சிங்கம், பைசன் கன்று, மான் ஆகியவற்றின் தோல்களை அவர்கள் உபயோகித்தனர். நீர்நாய்த் தோலும் பூமாத் தோலும் மிக மதிப்புள்ளவை. அவற்றை மயிர் நீக்காமலே பதப்படுத்தி, வாலையும் அறுக்காமல் அழகுக்காகத் தொங்கவிடுவர். பைசன் கூட்டங்கள் அழிந்த பின் மாட்டுத்தோலிலும் செய்தனர்.

நம் நாட்டில் நீர்நாய், சிறுத்தை, மான் முதலிய வனவிலங்குகளின் தோலைக் கையில் வைத்திருப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். எவரேனும் ஒரு பழைய மான்தோலைக் கொண்டுவந்து, ‘இதில் செய்து கொடுங்கள்’ என்று கேட்டால் அங்கத்தினர் அதைத் தொடவே கூடாது. வெள்ளாட்டுத் தோலும், செம்மறித் தோலும், மெல்லிய கன்றுத் தோலும் நமக்குப் போதும். இவற்றுள் வெள்ளாட்டுத் தோலே என் அபிப்பிராயத்தில் உத்தமம். செம்மறித் தோல் தொட்டால் பட்டுப்போலிருப்பினும் எளிதில் கிழியும். தையல் இழுக்கும் இடத்தில் ஏமாற்றிவிடும்.

எந்தத் தோலாயினும் முதுகெலும்பு ஓடும் பகுதி நன்றாக இழுவை தாங்கும். வயிற்றுப் பகுதி தளர்ந்து நீளும். தூணியின் நீளம் தோலின் முதுகு வரிசையோடு ஒத்திருக்குமாறு வெட்டுதல் வேண்டும். குறுக்காக வெட்டிய தூணி நாளடைவில் வயிறு பருத்துத் தொங்கி, அம்புகள் சாய்ந்து சிக்கிக்கொள்ளும். தோலை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து, உண்ணித் தழும்பு, கத்திக்கீறல், மெலிந்த இடம் ஆகியவற்றைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்த பிறகே மேற்கொண்டு வேலை தொடங்க வேண்டும்.

மூளையால் பதப்படுத்தல்

நாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட அறிவோம். சமவெளி மக்களின் முறை வேறு. அவர்கள் விலங்கின் மூளையையே பதனிடும் மருந்தாகக் கொண்டனர். இதைக் கேட்டு அருவருப்படைய வேண்டியதில்லை; முறையை ஆராய்ந்தால் அதன் நுட்பம் விளங்கும்.

முதலில் தோலை மயிர்ப்புறம் கீழாகத் தரையில் விரித்து, சுற்றிலும் முளையடித்து இறுக்குவர். ஈரம் உலருமுன்னே, பல்வெட்டிய எலும்புச் செதுக்கியால் சதையும் சவ்வும் நீக்கப்படும். இது பெரும்பாலும் பைசன் அல்லது எல்க் மானின் கால் எலும்பில் செய்யப்படுவது. பிற்காலத்தில் பழைய துப்பாக்கிக் குழலையும் இதற்கு உபயோகித்தனர். தோல் காய்ந்தபின், எல்க் மானின் கொம்பைக் கைப்பிடியாகக் கொண்டு நுனியில் கல் அல்லது இரும்பு அலகு கட்டிய வாய்ச்சி போன்ற கருவியால் தோலை எங்கும் ஒரே கனமாகச் சுரண்டுவர். மயிர் வேண்டாவிடின் திருப்பிப் போட்டு மயிரையும், அதோடு தோலின் மேற்படலத்தையும் சேர்த்தே சுரண்டிவிடுவர். இந்த மேற்படலம் நீங்கினால்தான் மருந்து இருபுறமும் ஏறும். நமது பதனிடும் சாலைகளில் தானிய முகம் என்று போற்றிக் காக்கும் படலத்தை அவர்கள் வேண்டுமென்றே களைந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அதனால்தான் அவர்களுடைய தோல் துணியைப்போல் மடிந்தது.

பிறகு மூளையை வெந்நீரில் கரைத்து, சில சமயம் ஈரலும் கொழுப்பும் சேர்த்து, தோலில் தேய்த்து ஊறவிடுவர். மூளையில் எண்ணெய்ப் பசையும், அந்த எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் லெசித்தின் என்னும் பொருளும் இயற்கையாகவே சேர்ந்திருக்கின்றன. வெறும் எண்ணெயைப் பூசினால் ஈரத்தோலுக்குள் அது செல்லாது. மூளைக் கரைசல் நீரோடு நீராக நார்களினூடே சென்று ஒவ்வொரு நாரையும் போர்த்திவிடும். ஊறிய தோலை முறுக்கிப் பிழிந்து, இழுத்து, நீட்டி, முறுக்கிய நரம்புக் கயிற்றின்மேல் முன்னும் பின்னுமாக இழுத்து உராய்ப்பர். தோல் முற்றிலும் உலரும்வரை இது நிற்கக்கூடாது. நிறுத்தினால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைத்துவிடும்; மறுபடி நனைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இவ்வளவு செய்தும் அந்தத் தோல் மழையில் ஒருமுறை நனைந்தால் விறைத்துப்போகும். அதற்குப் பரிகாரம் புகை. தோலைப் பைபோலத் தைத்துக் கவிழ்த்து, உளுத்த மரத்தைக் கீழே மூட்டிச் சுவாலை எழாமல் கனலவிட்டு, அந்தப் புகையை உள்ளே செலுத்துவர். புகையிலுள்ள ஆல்டிஹைடு என்னும் இரசாயனப் பொருள்கள் நார்களைப் பிணைத்து நிலைப்படுத்துகின்றன. புகையுண்ட தோல் நனைந்து உலர்ந்தாலும் கையால் கசக்கினால் மறுபடி மிருதுவாகும். பழுப்பு நிறமும் ஒரு தனி மணமும் அதனால் ஏற்படுவன. இந்த விஷயம் இரசாயனச் சாஸ்திரம் தெரியாத காலத்தில் அனுபவத்தினாலேயே கண்டறியப்பட்டது.

ஆவாரம்பட்டைத் தோலோடு இதை ஒப்பிட்டால், பட்டை கொண்டு பதனிட்டது கட்டுறுதியும் உருவம் காக்கும் குணமும் உடையது. மூளைத்தோல் மென்மையும் சப்தமின்மையும் உடையது. விறைத்த தோல் உறைக்குள் அம்புகள் குலுங்கினால் கடகடவென்ற ஓசை கேட்கும். மானும் பைசனும் அதை வெகு தூரத்திலேயே உணர்ந்துகொள்ளும். நம்மவர் பட்டைத் தோலில் செய்யும்போது சிறிது எண்ணெய் ஏற்றி, உலருமட்டும் கசக்கி மிருதுவாக்கிக்கொண்டால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

இந்த உழைப்பு யாருடையது?

வேட்டையாடியவன் ஆண், ஆனால் தோலைத் தோலாக்கியவள் பெண். சதை நீக்குவது முதல் புகையூட்டுவது வரை யாவும் பெண்களின் வேலை. ஒரு பெரிய பைசன் தோலை முடிக்கப் பல நாள் பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து மயிருடன் பதப்படுத்திய பைசன் போர்வைகளை வெள்ளை வியாபாரிகள் பெருவாரியாக வாங்கினர். அதற்காக முன்னைவிட அதிகமான விலங்குகள் கொல்லப்பட்டன என்பது மெய். ஆயினும் ஒரு குடும்பத்தின் பெண்கள் எத்தனை தோலைப் பதப்படுத்த முடியுமோ அத்தனைக்குத்தான் விலை கிடைத்தது. அவர்களுடைய கைகளே வேட்டைக்கு ஓர் எல்லையாக இருந்தன.

1871-ஆம் வருஷத்தையொட்டி, பைசனின் பச்சைத்தோலையே தொழிற்சாலையில் பதனிட்டு இயந்திரங்களை ஓட்டும் கனத்த வார்கள் செய்யலாம் என்று கண்டுகொண்டனர். உடனே நிலைமை மாறிற்று. இனி பெண்ணின் கை வேண்டியதில்லை. உரித்து முளையடித்துக் காயவைத்த தோலே போதும். வெள்ளை வேடர்கள் தூரத்தில் நின்று சுடும் துப்பாக்கிகளுடன் இறங்கினர். புதிதாகப் போட்ட ரயில் பாதைகள் தோல்களை வாரிக்கொண்டு கிழக்கே சென்றன. இறைச்சி அப்படியே வெளியில் அழுகிற்று. நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் இருந்த பைசன், 1889-இல் ஏறக்குறைய ஆயிரம் என்னும் நிலைக்கு வந்தது. சமவெளி மக்கள் உணவையும் கூடாரத்தையும் இழந்து, அரசாங்கம் ஒதுக்கிய எல்லைக்குள் ரேஷனுக்குக் கை நீட்டும்படி ஆயிற்று. தூணி செய்வதற்கு வேண்டிய கன்றுத்தோலும், முதுகுநரம்பும் அதனோடு போயின.

பச்சைத்தோலைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பதனிட்ட தோலைத் திரும்ப அதிக விலைக்கு வாங்கும் வழக்கம் நம் கிராமங்களிலும் இல்லாமல் இல்லை. சங்கப் பஞ்சாயத்தார் இந்த இடத்தில் சற்று நின்று தங்கள் கொள்முதல் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

அளவும் வெட்டும்

சங்கங்களைத் தணிக்கை செய்யும்போது அடிக்கடி கண்ணில் படுவது, தோலை வெட்டிய பிறகு அளவு பார்க்கும் பழக்கம். தூணிக்கு அளவு தோலில் இல்லை. அம்பிலும் வில்லிலும் இருக்கிறது. ஆகவே யாருக்காகச் செய்கிறோமோ அவருடைய அம்பையும் வில்லையும் கையில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்குச் சொல்லுகிறேன். அம்பு 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அம்பின் முனை கீழேயும் இறகு மேலேயும் இருக்கும். விரலால் பற்றி இழுக்கும்படி 3 அங்குலம் வெளியே நிற்கட்டும். இறகின் பெரும்பகுதி மழை படாமல் உள்ளே இருக்கட்டும். அப்போது உள்ளாழம் 22 அங்குலம். அடித்தையலுக்கு 1 அங்குலம் கூட்டினால் தோலின் நீளம் 23 அங்குலம் ஆயிற்று. அகலத்திற்கு, பன்னிரண்டு அம்புகளைத் தளர்வாகச் சேர்த்துப் பிடித்து, இறகுள்ள இடத்தில் ஒரு நூலைச் சுற்றி அளக்க வேண்டும். சுற்றளவு 10 அங்குலம் வருமாயின், கை இழுக்கும் சௌகரியத்திற்கு 2 அங்குலமும், பக்கத்தையலுக்கு 1 அங்குலமும் சேர்த்து வாய்ப்புறம் 13 அங்குலம் ஆகும். அடிப்புறம் இறகில்லாமையால் 9 அங்குலம் போதும். ஆகவே தோல் மேலே அகன்று கீழே குறுகிய வடிவமாகிறது.

வில்லுறைக்கு, நாண் தளர்த்திய வில் 42 அங்குலமாயின், நுனி 4 அங்குலம் வெளியே நிற்க, 38 அங்குல ஆழமும் அடித்தையலுக்கு 1 அங்குலமும் வேண்டும். மேலே 7, கீழே 5 அங்குல அகலம் வைக்கலாம். வெள்ளாட்டுத் தோலில் 39 அங்குல நீளம் ஒரே துண்டாகக் கிடைப்பது கடினம். கழுத்துப் பகுதியில் தோல் சுருங்கிக் கோணும். அப்படியானால் வில்லுறையை மட்டும் கன்றுத்தோலில் வெட்டலாம். அல்லது மேற்பாகத்தில் ஒரே ஒரு குறுக்குத் தையலாக ஒட்டுப்போடலாம். நடுவில் ஒட்டுப்போட்டால் அங்கே மடிந்துவிடும்.

இந்த அளவுகளைப் பழைய காகிதத்தில் வெட்டி, சுருட்டி, அம்பையும் வில்லையும் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். காகிதத்துக்கு ஆகும் செலவு அற்பம். தவறாக வெட்டிய தோல் வார் அறுக்கத்தான் உதவும். சங்கத்தில் பலருக்கு ஒரே அளவில் செய்வதாயின் கெட்டியான அட்டையில் ஒரு மாதிரி வைத்துக்கொள்வது உசிதம். ஒரே வெட்டாகக் கத்தியை இழுக்க வேண்டும். கத்தரிக்கோல் மென்தோலின் ஓரத்தை அலையலையாக்கும்.

தையல்

சமவெளியில் நூலாக உபயோகித்தது பைசன் முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைநரம்பு. அதை எடுத்துச் சுத்தம் செய்து உலர்த்தினால் தட்டையான நாடாபோல் ஆகும். வேண்டியபோது அதிலிருந்து ஓர் இழையைப் பிரித்து, வாயிலிட்டு நனைத்து, தொடையில் உருட்டி முறுக்குவர். நுனியை மட்டும் நனைக்காமல் விறைப்பாக விட்டுவிட்டால் அதுவே ஊசியாகும். எலும்புக் குத்தூசியால், பின்பு இரும்புக் குத்தூசியால், துளையிட்டு அந்த நுனியைச் செருகி இழுப்பர். ஈரத்தில் பருத்திருக்கும் இழை உலரும்போது சுருங்கித் துளையை இறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தையலையும் முடிச்சுப்போட அவசியமில்லை.

நமக்கு மெழுகு தடவிய லினன் நூல் சரியான மாற்று. நைலான் நூல் அழியாது என்று சிலர் அதையே விரும்புகின்றனர். மெல்லிய நைலானை இறுக்கினால் அது கத்திபோல் மென்தோலை அறுத்துவிடும். உபயோகிக்க வேண்டுமாயின் பருத்த நூலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்குலத்திற்கு ஆறு தையல் போதும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று எண்ணி எட்டும் பத்துமாகக் குத்தினால், துளைகள் வரிசையாக அமைந்து தபால்தலையின் ஓரம்போல் கிழிய வழியாகும்.

தூணியின் தோலை வெளிப்புறம் உள்ளாகத் தெரியும்படி இரண்டாக மடித்து, பக்க ஓரங்களைச் சுற்றுத்தையலால் தைத்துக்கொண்டு வர வேண்டும். அடியை மூடும்போதுதான் ஓர் அழகான உபாயம் இருக்கிறது. நான்கைந்து அங்குல அகலமுள்ள ஒரு தோல் துண்டை எடுத்து, ஓர் ஓரத்தில் அரை அங்குலம் விட்டு மற்றதை மெல்லிய நார்களாக அறுத்துக்கொள்ள வேண்டும். அறுபடாத ஓரத்தை அடித்தையலின் இரு தோல்களுக்கும் நடுவே வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். நார்கள் உட்புறம் இருக்கட்டும். பையைத் திருப்பினவுடன் நார்கள் குஞ்சமாக வெளியே தொங்கும். இது வெறும் அலங்காரம் அன்று. மூன்றாவது தோல் நடுவே நிற்பதால் நூல் நேரே தோலை அறுப்பதில்லை. தையலின் இடுக்கும் அடைபடுகிறது. சமவெளித் தூணிகளின் அடியிலும் வில்லுறையின் அடியிலும் காணும் நீண்ட குஞ்சங்களுக்கு இவ்வாறு ஒரு பிரயோஜனமும் உண்டு.

தூணியைத் திருப்புவது எளிது. வில்லுறை நீண்டு ஒடுங்கியதாகையால், உள்ளிருந்து தைத்துப் பின் திருப்ப முயன்றால் நடுவழியில் சிக்கி நம் பொறுமையைச் சோதிக்கும். அதை வெளிப்புறமிருந்தே தைத்துவிடுவது நல்லது. தையல் வெளியே தெரிவதில் குறையொன்றுமில்லை.

அடியில், அம்புமுனை தையலைக் குத்தாதபடி, பதனிடாத கெட்டியான காய்ந்த தோலில் அடியின் அளவுக்கு ஒரு வில்லை வெட்டி உள்ளே இறக்க வேண்டும். அதை நனைத்து இளகச் செய்து, ஒரு கோலால் அழுத்தி அடியில் பொருத்தி உலரவிட்டால் அந்த உருவத்திலேயே நின்றுவிடும்.

குச்சியும் வாரும்

மென்தோலாற் செய்த பை தானாக நிமிர்ந்து நிற்காது, வாய் சுருங்கும், அம்பை இழுத்தால் பையும் கூடவே மேலே வரும். குதிரையின் மேல் ஒரு கையில் வில்லைப் பிடித்தவனுக்கு, அம்பை இழுக்க மறு கை மட்டுமே உண்டு. பையைப் பிடித்துக்கொள்ள மூன்றாம் கை ஏது? இதற்காகவே தூணியின் பக்கத்தையலை ஒட்டி ஒரு குச்சி வைத்துக் கட்டினர். இந்தக் குச்சியை விட்டுவிட்டுப் பார்வைக்கு மட்டும் தூணி செய்து விற்போர் உண்டு. அது சுவரில் மாட்டத்தான் உதவும்.

சுண்டுவிரல் பருமனில், நேரான, கணுவில்லாத, உலர்ந்த குச்சியை எடுத்துப் பட்டையுரித்து வழவழப்பாக்க வேண்டும். வேடர்களுக்கு ஆற்றோர வில்லோ மரம் கிடைத்தது. நாம் மூங்கிற் சிம்பை நன்கு சீவி உபயோகிக்கலாம். பையைவிட அது ஓர் அங்குலம் நீண்டிருக்கட்டும். தையலின் வெளிப்புறத்தில் வைத்து, வாயருகிலும் நடுவிலும் அடியருகிலும் இரண்டிரண்டு துளையிட்டு, மெல்லிய தோல் நாடாவால் இறுகக் கட்ட வேண்டும். வில்லுறையையும் இதே குச்சியோடு, அதே நாடாக்களால் சேர்த்துக் கட்டிவிடலாம். இரு பைகளும் ஒரே முதுகெலும்பைப் பெற்றதுபோல் ஆகும்.

வாருக்கு இரண்டங்குல அகலமுள்ள மிருதுவான தோல் எடுத்து, ஒரு முனையைக் குச்சியின் மேல்நுனியிலும், மறு முனையை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்திலும் கட்ட வேண்டும். நிரந்தரமாகக் கட்டுமுன், வில்லும் பன்னிரண்டு அம்புகளும் இட்டு, அணிவோரின் முதுகில் மாட்டிச் சிறிது தூரம் ஓடச் சொல்லிப் பார்க்க வேண்டும். வெறும் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. குனியும்போது அம்பு வழுகி விழுமாயின் கீழ்முடிச்சைத் தாழ்த்த வேண்டும். கை பின்னே சென்று இறகை எட்டாவிடின் வாரைக் குறைக்க வேண்டும்.

அலங்காரமும் அதன் உரிமையும்

முள்ளம்பன்றியின் முட்களை நனைத்துத் தட்டையாக்கிச் சாயமிட்டு, தோலின்மேல் மடித்து மடித்துத் தைப்பது சமவெளிப் பெண்களின் பழைய கலை. அவர்களுடைய முள்ளம்பன்றியின் முள் மெலிந்தது. நம் நாட்டு முள் எழுதுகோல்போல் பருத்தது, அதற்கு உதவாது. 19-ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் கொண்டுவந்த வெனிஸ் நகரத்துக் கண்ணாடிப் பாசிமணிகள் முள்ளின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தன. மணி கோக்கும்போது குத்தூசியைத் தோலின் மறுபுறம் வரை செலுத்தாமல், தோலின் கனத்துக்குள்ளேயே நுழைத்து எடுப்பர். உட்புறத்தில் நூல் தெரியாது, அம்பும் அதில் சிக்காது. நம் அங்கத்தினர் பழகிக்கொள்ள வேண்டிய நுட்பம் இது.

செயென் இனத்தாரிடையே முட்பின்னல் அறிந்த பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. புதிதாகச் சேர விரும்புகிறவள் முறைப்படி கேட்டு, விருந்திட்டு, பரிசளித்து, மூத்த அங்கத்தினர்களிடமிருந்து கற்றுக்கொண்டாள். எத்தனை போர்வைகள் முடித்தாள் என்று அங்கே கணக்குச் சொல்வது அவளுக்குப் பெருமை. ஆண்கள் தங்கள் யுத்த வீரத்தைச் சொல்லிக்கொள்வதற்கு அது சமமாக மதிக்கப்பட்டது. வேலையின் தரத்துக்குச் சங்கமே பொறுப்பேற்ற ஏற்பாடு என்று இதைக் கூறலாம்.

ஆகையால் ஒரு விஷயத்தில் நம்மவர் மிக ஜாக்கிரதையாக இருத்தல் வேண்டும். வில்வித்தை பழகுவோருக்கு நாம் இந்த மாதிரியில் தூணி செய்து விற்பதில் தவறில்லை. ஆனால் லகோட்டா, செயென் முதலிய பெயர்களை ஒட்டி, அவர்களே செய்ததுபோல் தோன்றும்படி விற்பது பிறருடைய உழைப்பின் பெயரை எடுத்துக்கொள்வதாகும். அமெரிக்க அரசாங்கம் 1935-இல் பூர்வகுடிகளின் கைத்தொழிலுக்கென ஒரு வாரியம் அமைத்துச் சட்டம் செய்தது. 1990-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்தது என்று அந்நாட்டில் விற்போருக்கு, முதற் குற்றத்திற்கே 2,50,000 டாலர் வரை அபராதமோ, 5 வருஷம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஏற்றுமதி வியாபாரி எவரேனும் அப்படிச் சீட்டு ஒட்டித் தரும்படி கேட்டால் சங்கம் மறுத்துவிட வேண்டும். ‘சமவெளி மாதிரித் தூணி, வெள்ளாட்டுத் தோல், இன்ன சங்கத்தாரால் செய்யப்பட்டது’ என்று உள்ளதை எழுதினால் போதும். பாசிமணி வேலையிலும் அவர்களுடைய உருவங்களைப் பார்த்துப் போடாமல், நம் கோலத்திலும் பாயிலும் உள்ள கட்டங்களைப் போடலாம். அளவும் அமைப்பும் கெடாது.

முடிந்த தூணியை வெயிலில் காயவைக்கலாகாது. மழையில் நனைந்தால் அம்புகளை உடனே எடுத்துவிட்டு, உள்ளே வைக்கோலையோ கந்தல் துணியையோ தளர்வாகத் திணித்து, நிழலில் குச்சியின் மேல்நுனியைக் கட்டித் தொங்கவிட வேண்டும். அரை உலர்வாக இருக்கும்போது இருமுறை கையால் கசக்கிவிட்டு, காய்ந்தபின் வாரின் இரு முடிச்சுகளையும் அடித்தையலையும் பரிசோதித்துப் பிறகு அம்புகளை வைக்கலாம்.